முதல் ஓட்டத்தில் நாற்பத்தொன்று

எங்கள் வீட்டில் முதல் தோசையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கல் காய்ந்திருக்காது, எண்ணெய் பிடித்திருக்காது, பிய்ந்துதான் வரும். என் மனைவி அதைச் சுரண்டி ஓரமாக ஒதுக்கிவிட்டு இரண்டாவதை ஊற்றுவாள். மாவு புளித்திருக்கிறதா, உப்பு சரியா என்ற பேச்செல்லாம் இரண்டாவது தோசையிலிருந்துதான் ஆரம்பிக்கும். இதில் ஒரு தப்பும் இல்லை. இந்தப் பழக்கத்தை அடுப்படியோடு விட்டுவிட்டுக் கடைக்குப் போயிருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மாடிப்படிக்கு அடியில் என் கடை. கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். பதினெட்டு வருடமாக இதே படிக்கு அடியில் குனிந்து நுழைந்து குனிந்தே வெளியே வருகிறேன், ஆனால் தலைக்கனத்துக்கு மட்டும் குறைவில்லை. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் என்னை முழு வைத்தியன் என்றே நினைத்திருந்தேன். வருகிறவர் என்ன கோளாறு என்று சொல்லி முடிப்பதற்குள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிடுவேன்.

டிஸ்க் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க என்னிடம் ஓர் இலவச மென்பொருள் உண்டு. அது டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பெரிய ஃபைலைப் படித்து, நொடிக்கு எத்தனை எம்.பி. என்று ஓர் எண்ணைக் காட்டும். அதை எப்போதும் இரண்டு தடவை ஓட்டுவேன். முதல் தடவை வரும் எண் சின்னதாக இருக்கும். அது கல் காய்வதற்கு. இரண்டாவது எண் பெரிதாக வரும். அதை ஒரு ஸ்டிக்கரில் எழுதி, கீழே 'நன்று' என்று போட்டு, கேபினட்டின் நெற்றியில் ஒட்டி அனுப்புவேன். வாங்கிப் போகிறவர்களுக்கு அதில் பெரிய திருப்தி. எனக்கு அதைவிட.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த மென்பொருளில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. கேச் மெமரியைத் தவிர்த்துவிட்டு அளக்கவா என்று கேட்கும். அதை டிக் செய்தால் எண் குறையும். எண் குறைந்தால் முன்னால் நிற்கிறவர் முகம் சுருங்கும். மெமரி என்பது கம்ப்யூட்டருக்கு உதவி செய்கிற பொருள்தானே, உதவியை ஏன் தவிர்க்க வேண்டும் என்று யோசித்து, பல வருடங்களுக்கு முன்பே அந்த டிக்கை எடுத்துவிட்டேன். அதற்குப் பக்கத்தில் இருந்த விளக்கம் இரண்டே வரிதான். படிக்கவில்லை.

நிலக்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பாய் என் பழைய வாடிக்கையாளர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாவற்றுக்கும் போட்டோவும் வீடியோவும் எடுப்பார். கம்ப்யூட்டரில் ஏதாவது என்றால் கேபினட்டை ஒரு பழைய பெட்ஷீட்டில் கட்டி, பூ மூட்டை ஏறுகிற பஸ்ஸிலேயே தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். இங்கே வந்து மூடியைத் திறந்தால் மல்லிகை மணக்கும். "என்ன பாய், கல்யாணப் பொண்ணையா கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். அவரும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்.

அவருக்கு அந்தப் புது டிஸ்க்கை வாங்கச் சொன்னதே நான்தான். விண்டோஸ் பழைய டிஸ்க்கிலேயே இருக்கட்டும், படங்களுக்கும் வீடியோவுக்கும் தனியாக ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்றேன். விரல் நீளத்துக்கு ஒரு துண்டு, போர்டிலேயே செருகுவது. பெட்டியில் மூவாயிரத்து ஐந்நூறு என்று வேகத்தைப் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். செருகிக் கொடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, வைகாசி முகூர்த்தங்களுக்கு நடுவில் ஒரு நாள் காலையில் பாய் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"தம்பி, புது டிஸ்க்கு மக்கர் பண்ணுது. நாலு நாளைக்கு முன்னாடி செம்பட்டியில ஒரு கல்யாணம். காப்பி பண்ணிட்டுத் தொறந்து பாத்தா படம் ஒண்ணொண்ணா வருது. நூறு படம் வர்றதுக்குள்ள ஒரு டீ குடிச்சுட்டு வந்துரலாம். செத்த நல்லாப் பாருங்க." சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். "கார்டை இன்னும் அழிக்கல. கல்யாணம் அம்புட்டும் இதுலதான் இருக்கு."

கேமரா கார்டுகள் ஒரு குட்டி பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தன. முகூர்த்த காலத்தில் எல்லா ஸ்டுடியோக்காரர்களும் செய்வதுதான் இது. படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, கார்டை அழித்து, மறுநாள் கல்யாணத்துக்குக் கேமராவில் போட்டுக்கொள்வார்கள். பாய் மட்டும், மனதில் ஏதோ பட்டு, நான்கு நாள் அழிக்காமல் வைத்திருந்தார். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் அவருக்குத் தெரிந்தது சரியாகத்தான் தெரிந்திருக்கிறது.

மென்பொருளை ஓட்டினேன். பாய் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்று என்று வந்தது.

"என்ன தம்பி, நாப்பத்தொண்ணுங்குது? பெட்டியில மூவாயிரத்துச் சொச்சம்ல போட்டிருந்துச்சு?"

"அது மொத தோசை பாய். கல்லு காய வேணாமா?"

இரண்டாம் தடவை ஓட்டினேன். மூவாயிரத்து இருநூற்று எண்பது. சும்மா ஒரு கெத்துக்காக மூன்றாம் தடவையும் ஓட்டினேன். மூவாயிரத்து முந்நூற்றுப் பத்து. பெட்டியில் போட்டதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாற்காலியில் சாய்ந்து பாயைப் பார்த்தேன். கோளாறு வேறு எங்கோ என்று முடிவு கட்டி, உள்ளே இருந்த தூசியை ஊதி எடுத்தேன். ஆன்டிவைரஸ்மேல் பழியைப் போட்டு அதைக் கழற்றினேன். ஸ்டிக்கர் எழுதி ஒட்டினேன்.

"அப்ப டிஸ்க்கு மேல குத்தமில்லையா?" பாய் மறுபடியும் கேட்டார்.

"ஒரு குத்தமும் இல்ல. குதிரை மாதிரி ஓடுது."

"நாளைக்குத் தாடிக்கொம்புல ஒரு காதுகுத்து. அப்ப இந்தக் கார்டை அழிச்சுரவா?"

"தாராளமா அழிங்க பாய்."

இதைச் சொல்லும்போது நான் தலையை நிமிர்த்தக்கூட இல்லை. கேபினட் மூடிக்கு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தேன். நான்காவது ஸ்க்ரூ மரை தேய்ந்திருந்தது. அதன்மேல் இருந்த கவனத்தில் பாதிகூட இந்தப் பதிலின்மேல் எனக்கு இல்லை.

ஒன்பதாம் நாள் போன் வந்தது. டிஸ்க்கையே காணோம் என்று கம்ப்யூட்டர் சொல்கிறது என்றார். "காணாமப் போறதுக்கு அது என்ன கோழியா பாய்?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார். டிஸ்க்கைக் கழற்றித் துடைத்துச் செருகினேன், வேறு கம்ப்யூட்டரில் செருகினேன், அதற்கான டப்பாவில் போட்டு வெளியிலிருந்து இணைத்தேன். எதிலும் மூச்சு இல்லை. கார்டிலும் அதற்குள் காதுகுத்தும் அடுத்த கல்யாணங்களும் ஏறி, பழைய படங்களின் சுவடே இல்லாமல் போயிருந்தது. பழைய மாடல் டிஸ்க்குகள் சாவதற்கு முன் பத்து நாள் கடகடவென்று இருமும், நமக்கும் சுதாரிக்க நேரம் கிடைக்கும். இந்தப் புது வகைக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது.

மதுரையில் இப்படிப்பட்ட டிஸ்க்குகளைப் பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் சென்னைக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். அதுவரைக்கும்கூட எனக்கு இது தொழிலில் ஒரு சறுக்கல், அவ்வளவுதான். கல்யாண வீட்டார் ரெண்டு திட்டுத் திட்டுவார்கள், மாப்பிள்ளையையும் பெண்ணையும் மறுபடி மாலை போட்டு நிறுத்தி நாலு படம் எடுத்துக் கொடுத்துச் சமாதானம் செய்துவிடலாம் என்றுகூடப் பேசிக்கொண்டோம். பிறகு ஒரு மத்தியானம் பாய் போனில் சொன்னார்.

"தம்பி, அந்தச் செம்பட்டிக் கல்யாணப் பொண்ணோட அப்பா தவறிட்டாரு. தக்காளிக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருந்தவரு வரப்புல அப்படியே உக்காந்துட்டாராம்."

அந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் கடைசியாக நல்ல வேட்டி கட்டி நின்ற ஒரு நாள் முழுக்க என் 'தாராளமா'வில் போய்விட்டது என்பது மட்டும் புரிந்தது. அன்று சாயங்காலம் சாமியிடம் வேண்டிக்கொண்டேன். டிஸ்க் பிழைக்க வேண்டும் என்று தாடிக்கொம்புப் பெருமாளுக்கு நேர்ந்துகொண்ட ஆள் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நான்கு நாள் கழித்துச் சென்னையிலிருந்து பேசினார்கள். சிப்பே போய்விட்டது சார், ஒன்றும் வராது என்றார்கள். பெருமாளுக்கும் சிப்புக்கும் சம்பந்தமில்லை போலிருக்கிறது.

அதன் பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. மூவாயிரத்து இருநூற்று எண்பது ஓடிய குதிரை ஒன்பது நாளில் எப்படிச் செத்தது? கடையில் ஒரு பழைய பென்டிரைவ் கிடந்தது, விண்ணப்பங்களை நகலெடுக்க வைத்திருந்தது. அதைச் செருகினால் கம்ப்யூட்டரே கொட்டாவி விடும். அதில் என் மென்பொருளை ஓட்டினேன். முதல் தடவை பதினான்கு. இரண்டாம் தடவை ஓட்டினேன். மூவாயிரத்துச் சொச்சம். கையில் வைத்திருந்த டீ ஆறிப்போகும்வரை அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பென்டிரைவ் அந்த வேகத்தில் ஓடுவது, மாட்டுவண்டி கொடைரோடு ரயிலை முந்துவது மாதிரி. நடக்காது.

அந்த இரண்டு வரி விளக்கத்தை அன்றுதான் படித்தேன். விஷயம் ரொம்பச் சாதாரணம். மளிகைக் கடையில் ஒருவர் உளுந்து கேட்டால் கடைக்காரர் குடோனுக்குப் போய் மூட்டையைத் தூக்கி வருவார். நேரமாகும். மூட்டையைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார். அடுத்து ஒருவர் உளுந்து கேட்டால் உட்கார்ந்தபடியே அள்ளிக் கொடுப்பார். கம்ப்யூட்டரும் அப்படித்தான். முதல் தடவை டிஸ்க்கிலிருந்து படித்ததை மெமரியில் வைத்துக்கொள்கிறது. இரண்டாம் தடவை கேட்டால் டிஸ்க் பக்கமே போகாமல் மெமரியிலிருந்து நீட்டிவிடுகிறது. நான் எழுதி ஒட்டிய எண்ணெல்லாம் மெமரியின் வேகம். டிஸ்க் தன் நிலைமையைச் சொன்னது அந்த முதல் ஓட்டத்தில் மட்டும்தான். நாற்பத்தொன்று என்று, சாகக் கிடக்கிறவன் முனகுவதைப் போல, ஒரே ஒரு தடவை சொன்னது. அதைத்தான் சுரண்டி ஓரமாகப் போட்டேன்.

என் ஸ்டிக்கர் ஒட்டிய கேபினட்டுகள் இந்த ஊரில் எத்தனை வீடுகளில், எத்தனை கடைகளில் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன். ஞாபகம் இருந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தேன். டிஸ்க்கை மறுபடி பார்க்க வேண்டும், அதுவரை முக்கியமானதை வேறு எதிலாவது காப்பி எடுத்து வையுங்கள் என்றேன். "நல்லாத்தான ஓடுது, நீங்கதான நன்றுன்னு எழுதியிருக்கீங்க?" என்றார் ஒருவர். இன்னொருவர், "வேவாரம் டல்லா அண்ணே? புது டிஸ்க்கைத் தள்ளிவிடப் பாக்குறீங்க" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். பொய்யைச் சொன்னபோது கேள்வி கேட்காமல் நம்பியவர்கள், உண்மையைச் சொல்ல வந்தபோது ஆயிரம் கேள்வி கேட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

இதற்கிடையில் செத்த டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு புது டிஸ்க் கூரியரில் வந்தது. வாரண்டி இருந்ததாம். பெட்டியில் அதே மூவாயிரத்து ஐந்நூறு. அதைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை.

முப்பதாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பாய் அந்தச் செம்பட்டிப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். கேபினட்டும் பெட்ஷீட்டோடு வந்தது. அவளுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். கழுத்தில் தாலிக்கயிறு மஞ்சள் மாறாமல் இருந்தது. இருந்த ஒரே ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை. பாயிடமிருந்து எதிர்பார்த்த ஒரு வார்த்தையும் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் கோளாறு என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார். யார் சொல்லிக் கார்டை அழித்தார் என்று மூச்சு விடவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"செல்லுல எடுத்த படம் எதுவும் இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

அவள் தன் செல்போனை நீட்டினாள். சொந்தக்காரர்கள் அனுப்பிய படங்கள், எழுபது எண்பது இருக்கும். மேடைக்குக் கீழே நின்று எடுத்தவை. ஒவ்வொன்றிலும் நட்டநடுவே ஒரு நீலச் சட்டை முதுகு. பாய் எட்டிப் பார்த்தார். அவருடைய முதுகுதான். ஒரு படத்தில் இடது பக்கம், ஒரு படத்தில் வலது பக்கம், தாலி கட்டும்போது சரியாக நடுவில். அப்பா நிற்க வேண்டிய இடத்தில் எல்லாம் அந்த முதுகு இருந்தது.

"நானே மறைச்சுட்டேனே தாயி," என்றார் பாய். கடையை விட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

"எல்லாப் படமும் வேணாம்ணே," என்றாள் அவள். "தாரை வாக்குறப்ப எடுத்தது மட்டும் கெடைச்சாப் போதும். எங்க அப்பா என் கையைப் புடிச்சுக் குடுத்தாருல்ல, அப்ப அவரு மொகத்தை நான் பாக்கல. குனிஞ்ச தலை நிமிரக் கூடாதுன்னு அத்தை சொல்லி ஏத்தி விட்டிருந்தாங்க. அவரு கை நடுங்குச்சு, அது மட்டும் தெரிஞ்சுச்சு. அழுகுறாரா சிரிக்கிறாரான்னு தெரியல. வீடியோவுல பாத்துக்கிருவோம்னு இருந்துட்டேன்."

இதற்கு மேல் மறைத்து வைக்க என்னால் முடியவில்லை. "டிஸ்க்கு நல்லா இருக்குன்னு சொன்னது நான்தாம்மா. கார்டை அழிக்கச் சொன்னதும் நான்தான்," என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?" என்று, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளாகக் கேட்டாள். குடோன், கல்லா, உளுந்து மூட்டை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அசிங்கமாக இருந்தது. ஒரு மனிதனின் முகம் போனதற்கு உளுந்து மூட்டையைக் காரணம் காட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்ப ரெண்டாந்தடவை அது டிஸ்க்கைக் கேக்கவே இல்லையா?"

"கேக்கலம்மா."

"கேக்காமலே நல்லா இருக்குன்னு சொல்லிருச்சு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு, "துளிகூடவா மிச்சமில்ல?" என்றாள்.

அந்தக் கேள்வியில்தான் எனக்குப் பொறி தட்டியது. ஃபோல்டரைத் திறக்கும்போது படங்கள் சின்னச் சின்னதாகத் தெரியுமல்லவா, விண்டோஸ் அந்தச் சின்ன உருவங்களை ஒரு நகல் எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும், அடுத்த முறை சீக்கிரம் காட்டுவதற்காக. விண்டோஸ் இருந்தது பழைய டிஸ்க்கில். அது சாகவில்லை. என்னை ஏமாற்றிய அதே எடுத்துவைக்கும் பழக்கம் இங்கே ஏதாவது பிச்சை போடலாம். பாயை உள்ளே கூப்பிட்டேன். கேபினட்டை இணைத்தேன். நெற்றியில் என் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. நகத்தால் சுரண்டினேன், பாதிதான் வந்தது.

ஒரு மணி நேரம் ஆனது. நூற்றுப் பத்து உருவங்கள் கிடைத்தன. டிஸ்க் தவழ்ந்துகொண்டிருந்த நாளில் பாய் ஃபோல்டரை அங்கங்கே நிறுத்திப் பார்த்திருக்கிறார். நிறுத்திய இடங்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. வாழைமரம், பெயர்ப் பலகை, பந்தி, பந்தி, மறுபடியும் பந்தி. மூவரும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எண்பத்தாறாவதில் அவள், "அண்ணே, நிறுத்துங்க," என்றாள்.

தாரை வார்க்கும் படம். மேடை முழுவதும் தெரிகிற தூரத்திலிருந்து எடுத்தது. அய்யர், மாப்பிள்ளை, குனிந்த தலையோடு இவள், பக்கத்தில் வெள்ளை வேட்டியில் ஒருவர். தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிய படத்தில் அத்தனை பேரும் இருந்தார்கள். அவருடைய முகம் கடுகளவு. பெரிதாக்கினேன். முகம் கலைந்து சதுரம் சதுரமாக நின்றது. நான்கு பழுப்புச் சதுரம், கீழே ஒரு வெள்ளைச் சதுரம். அது பல்லாக இருக்கலாம், நரைத்த மீசையாக இருக்கலாம், துண்டின் நுனியாகவும் இருக்கலாம்.

பாயைப் பார்த்தேன். அவர்தானே எடுத்தவர். அவர் தலையை ஆட்டினார். "வைகாசியில அன்னைக்கு மட்டும் ரெண்டு கல்யாணம் தம்பி. எனக்கு ரெண்டும் ஒண்ணாக் கலந்துபோச்சு."

அந்தப் படத்தை அவள் செல்போனுக்கு அனுப்பினேன். வந்துவிட்டதா என்று பார்த்தாள். பிறகு அதை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"சிரிக்கிறாராண்ணே?"

ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது, எனக்கும் அதைக் கொடுக்கத்தான் ஆசை. அந்த ஐந்து சதுரங்களை மறுபடியும் உற்றுப் பார்த்தேன். சரியாகப் பார்க்காமல் நான் சொன்ன ஒரு வார்த்தையால்தான் அவள் இந்தப் படிக்கு அடியில் வந்து நிற்கிறாள்.

"தெரியலம்மா," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். செல்போனைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு விரலால் அந்த முகத்தை இன்னும் பெரிதாக்கினாள்.